பெயரை வெட்டும் பெட்டிகள்: வலைத்தரவில் ஆட்பெயர்க் குறியிடலின் வரலாறு

முன்னுரை

ஒரு வலைப்பக்கத்தில் "கவிதா ஏ/பி முருகன்" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். (மாதிரிக்காக எடுத்துக்கொண்ட பெயர்தான்.) நமக்குப் படித்தவுடனே புரிந்துவிடும். கவிதா அந்தப் பெண்ணின் பெயர்; முருகன் அவருடைய அப்பா. ஆனால் அதே பக்கத்தைப் படிக்கும் தேடுபொறிக்கு அது வெறும் எழுத்து வரிசை. எது பெயர், எது ஊர், எது பள்ளி என்று அதற்குத் தானாகத் தெரியாது.

அதனால் பக்கத்தை உருவாக்குபவர் சொற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகளை ஒட்டி வைக்கிறார். "இது ஓர் ஆளின் முழுப்பெயர்", "இது இட்ட பெயர்", "இது குடும்பப் பெயர்" என்று அந்தச் சீட்டுகள் சொல்லும். சீட்டு ஒட்டும் இந்த வேலைக்குக் குறியிடல் என்று பெயர். சீட்டு ஒட்டிய தகவலைக் கட்டமைக்கப்பட்ட தரவு என்கிறோம்.

சரி, இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தச் சீட்டுகளை வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்தது, முதலில் இட்ட பெயர், கடைசியில் குடும்பப் பெயர் என்ற மேலைநாட்டு அமைப்பு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இல்லாத ஒன்றுக்குப் பெட்டி போட்டு, அதைக் கட்டாயமும் ஆக்கினால், அந்தப் பெட்டியில் எதையாவது வைத்துத்தானே ஆக வேண்டும்? சுமார் முப்பது ஆண்டுகளாக அங்கே போய் உட்கார்ந்தது பல நேரங்களில் அப்பாவின் பெயர். சில நேரங்களில் நம் பெயரின் பாதி. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, நாம் என்ன செய்யலாம் என்பதையும் பார்க்கிறது.

1. பெயருக்குள்ளேயே இருந்த குறி

குறியிடல் என்பது கணினி வந்த பிறகு பிறந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம் இலக்கியப் பாடத்தில் வரும் புலவர் பெயர்களைப் பாருங்க. முல்லைப்பாட்டைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். இந்தப் பெயரில் நான்கு தகவல்கள் வரிசையாக நிற்கின்றன:

• காவிரிப்பூம்பட்டினத்து – ஊர்
• பொன்வாணிகனார் – தந்தை, அவருடைய தொழிலால் குறிக்கப்பட்டவர்
• மகனார் – உறவைக் காட்டும் சொல்
• நப்பூதனார் – சொந்தப் பெயர்

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதும் இதே அமைப்புதான். இங்கே "மகனார்" என்ற சொல் என்ன வேலை செய்கிறது? தனக்கு முன்னால் இருப்பது தந்தை, பின்னால் இருப்பது மகன் என்று படிப்பவருக்குக் காட்டுகிறது. அதாவது அது ஒரு குறி. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஒட்டிய சீட்டு அல்ல. பெயரோடு சேர்ந்தே ஒலிக்கும் சீட்டு.

தொல்காப்பியம் இதற்குப் புணர்ச்சி விதியே சொல்லியிருக்கிறது. எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியலில் தந்தை பெயரும் மகன் பெயரும் சேரும்போது ஏற்படும் மாற்றம் பேசப்படுகிறது. சாத்தன் மகன் கொற்றன் என்பது சாத்தங்கொற்றன் ஆகும் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். தந்தை முன், மகன் பின் என்ற வரிசை அவ்வளவு பழையது.

பிற்காலத்தில் இதே வரிசை முதலெழுத்துகளாகச் சுருங்கியது. உ.வே.சா. என்பதில் உ என்பது உத்தமதானபுரம், அவருடைய ஊர். வே என்பது வேங்கடசுப்பையர், அவருடைய தந்தை. சா என்பதுதான் சாமிநாதர். நூலகத் துறையின் மேதை எஸ். ஆர். ரங்கநாதன் பெயரும் அப்படியே: சீர்காழி என்ற ஊர், ராமாமிருதம் என்ற தந்தை, ரங்கநாதன் என்ற சொந்தப் பெயர். 1934இல் நூற்பட்டியல் விதிகளையே எழுதி வெளியிட்டவர் அவர். நூலக அட்டைதான் இன்றைய கட்டமைக்கப்பட்ட தரவுக்கு மூத்த பிறவி என்பதை நினைத்தால், அவர் பெயரே ஒரு நல்ல பாடம்.

மலாயாவில் வரிசை தலைகீழானது. இங்கே சொந்தப் பெயர் முதலில் வரும். பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி. அதன் பிறகு தந்தை பெயர். ஏ/எல் என்பது "அனாக் லெலாக்கி", அதாவது மகன். ஏ/பி என்பது "அனாக் பெரெம்புவான்", மகள். சிங்கப்பூரில் அதே வேலையை எஸ்/ஓ, டி/ஓ செய்கின்றன. தமிழில் எழுதும்போது த/பெ என்கிறோம். எழுத்து மாறினாலும் வேலை ஒன்றுதான்: நப்பூதனார் பெயரில் "மகனார்" செய்த வேலை.

ஆக, தமிழர் பெயரில் இரண்டு வரிசை உண்டு. தமிழ்நாட்டு முதலெழுத்து முறையில் சொந்தப் பெயர் கடைசியில் வரும். மலேசியப் பதிவு முறையில் சொந்தப் பெயர் முதலில் வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கலுக்கெல்லாம் இதுதான் வேர்.

2. குடும்பப் பெயர் ஏன் காலியாக இருக்கிறது?

குடும்பப் பெயர் இல்லாதது ஒரு குறைபாடு என்று மாணவர்கள் சிலர் நினைக்கிறார்கள். வரலாறு தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது பெரும்பாலும் சாதிப் பட்டம். முதலியார், பிள்ளை, நாயக்கர், ஐயர் என்று அது நீளும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியாரும் தம் பெயரிலிருந்து நாயக்கர் என்பதை விலக்கினார். அதே 1929இன் இறுதியில் அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். இங்கே சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கோ. சாரங்கபாணி. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர் அவர்தான்.

சாதிப் பட்டம் போன பிறகு எஞ்சியது சொந்தப் பெயரும் தந்தை பெயரும். அப்படின்னா குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக இருப்பதற்குப் பின்னால், நம் முன்னோர் பலர் தெரிந்தே எடுத்த ஒரு முடிவும் இருக்கிறது. (எல்லாரும் அப்படிச் செய்யவில்லை, பட்டம் பெயரோடு ஒட்டி நின்ற குடும்பங்களும் உண்டு.)

தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டால் என்ன என்று கேட்கலாம். குடும்பப் பெயரின் வேலை, தலைமுறைகளை ஒரே பெயரில் கட்டுவது. தாத்தா, அப்பா, மகள் மூவருக்கும் அது ஒன்றாக இருக்கும். தந்தை பெயரோ ஒரு தலைமுறையை மட்டும் கட்டும். கவிதாவின் பெயரில் முருகன் வரும். முருகனின் பெயரில் அவருடைய அப்பா வருவார். ஒரே வீட்டில் இருக்கும் இருவரைக் கணினி இரு வேறு குடும்பமாக எண்ணும்.

மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இதைக் கவனத்தில் கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது. அதன் 13ஏ பிரிவு, குழந்தைக்கு எழுத வேண்டிய குடும்பப் பெயரைப் பற்றிப் பேசும்போது, அப்படி ஒன்று "இருந்தால்" என்ற நிபந்தனையோடுதான் பேசுகிறது. பல இனங்கள் வாழும் நாட்டில் அந்த ஒரு சொல் எவ்வளவு தேவை என்பதை, பிறகு வந்த கணினித் தரங்களைப் பார்த்தால் புரியும்.

3. பெட்டி பிறந்த கதை (1980 – 1998)

வலைக்கு முன்பே பெட்டிகள் வந்துவிட்டன. இயந்திரம் படிக்கும் கடப்பிதழுக்கான ஆவணம் 9303ஐப் பன்னாட்டுப் பொதுப் பயணிகள் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980இல் முதலில் வெளியிட்டது. கடப்பிதழின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில், பெயருக்கு 39 இடங்கள் உண்டு. பெயர் "முதன்மை அடையாளம்", "துணை அடையாளம்" என இரண்டாகப் பிரியும். ஒரு நல்ல விஷயம், அந்த ஆவணம் குடும்பப் பெயர் என்று அடித்துச் சொல்லவில்லை. பிரிக்க முடியாத பெயரை முழுசாக முதன்மை அடையாளமாகவே வைக்கலாம். ஆனால் அந்த வரிகளில் ரோமன் பெரிய எழுத்து, எண், இடம் நிரப்பும் குறி ஆகியவை தவிர வேறெதற்கும் இடமில்லை. ஏ/எல் என்பதில் இருக்கும் சாய்கோடு அங்கே நுழையாது. குறி போய்விட்டால், எங்கே சொந்தப் பெயர் முடிகிறது, எங்கே தந்தை பெயர் தொடங்குகிறது என்று சொல்ல ஆளில்லை.

அடுத்தது 1988இல் வந்த எக்ஸ்.500 என்ற கோப்பகத் தரம். நிறுவனங்களில் பணியாளர் பட்டியல் வைத்திருக்கும் பல மென்பொருள்களுக்கு இதுவே மூதாதை. இதில் ஓர் "ஆள்" பதிவுக்கு இரண்டு விவரம் கட்டாயம். ஒன்று வழங்கும் பெயர். மற்றது குடும்பப் பெயர். இல்லாவிட்டால் பதிவே ஆகாது. "இருந்தால்" என்ற சொல் இங்கே காணாமல் போய்விட்டது.

1995இல் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்த வெர்சிட் என்ற கூட்டமைப்பு வி-கார்ட் என்ற மின்னணு முகவரி அட்டையை முன்வைத்தது. கைப்பேசியில் ஒரு தொடர்பை இன்னொருவருக்கு அனுப்பும்போது இன்றும் பெரும்பாலும் போவது இந்த அட்டைதான். இதில் பெயருக்கு இரண்டு வரிகள் உண்டு.

• எஃப்.என். – திரையில் காட்ட வேண்டிய முழுப்பெயர்
• என். – பிரித்த பெயர்: குடும்பப் பெயர், இட்ட பெயர், கூடுதல் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என ஐந்து அறைகள்

அறைகளின் வரிசையில் குடும்பப் பெயர்தான் முதலில் நிற்கிறது. 1998இல் வந்த மூன்றாம் பதிப்பில் எஃப்.என்., என். இரண்டுமே கட்டாயம். முழுப்பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, வெட்டியும் காட்ட வேண்டும் என்பது அன்றைய விதி.

4. எச்-கார்டும் இரண்டு சொல் விதியும் (2004)

இதுவரை சொன்னது கோப்பும் அட்டையும். வலைப்பக்கத்திலேயே பெயருக்குச் சீட்டு ஒட்டும் எளிய முறை 2004இல் பிறந்தது. டான்டெக் செலிக், பிரையன் சூடா ஆகியோர் வி-கார்டின் அறைப் பெயர்களை அப்படியே எடுத்து, வலைப்பக்கக் குறியீட்டில் எழுதும் வழியைக் காட்டினார்கள். அதுதான் எச்-கார்ட். 2009 மே மாதம் கூகள் தன் தேடல் முடிவுகளில் இத்தகைய குறிகளைப் பயன்படுத்தத் தொடங்கியதும் இதற்கு மதிப்புக் கூடியது.

ஒவ்வொரு பெயரையும் வெட்டி எழுதுவது சலிப்பான வேலை. அதனால் எச்-கார்ட் சில குறுக்குவழிகளைத் தந்தது. முழுப்பெயரை மட்டும் எழுதினால் போதும். மீதியைக் கணினி ஊகித்துக்கொள்ளும். விதிகள் இவை:

அ. பெயரில் சரியாக இரண்டு சொற்கள் இருந்தால், முதல் சொல் இட்ட பெயர், இரண்டாம் சொல் குடும்பப் பெயர்.
ஆ. ஆனால் இரண்டாம் சொல் ஒற்றை எழுத்தாக இருந்தாலோ, முதல் சொல்லின் பின் காற்புள்ளி இருந்தாலோ, தலைகீழாகக் கொள்ள வேண்டும்.
இ. பெயரில் ஒரே ஒரு சொல் இருந்தால் அதைப் புனைபெயராகக் கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயர் பெயருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். நம் பெயர்களைப் போட்டுப் பார்ப்போமா?

முதல் எடுத்துக்காட்டு: கோ. சாரங்கபாணி. இரண்டு சொல். விதி அ-வின்படி இட்ட பெயர் "கோ.", குடும்பப் பெயர் "சாரங்கபாணி". உண்மை என்ன? "கோ." என்பது முதலெழுத்து, "சாரங்கபாணி"தான் அவருடைய சொந்தப் பெயர். இரண்டுமே தவறு.

சரி, திருப்பி எழுதுவோம். ரோமன் எழுத்தில் சாரங்கபாணி ஜி. என்று போட்டால், கடைசிச் சொல் ஒற்றை எழுத்து. விதி ஆ வேலை செய்யும். குடும்பப் பெயர் "சாரங்கபாணி", இட்ட பெயர் "ஜி." என்று மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து சேர்கிறோம். எப்படித் திருப்பினாலும் அதே விடை!

இப்போது அதையே தமிழ் எழுத்தில் சாரங்கபாணி கோ. என்று எழுதுங்கள். நமக்குக் கோ ஓர் எழுத்து. ஆனால் ஒருங்குறியில் அது க என்ற குறியெண்ணும் ஓகாரக் குறியின் குறியெண்ணும் சேர்ந்த இரண்டு. குறியெண்களை எண்ணும் நிரலுக்குக் கோ ஒற்றை எழுத்தாகத் தெரியாது. அதனால் விதி ஆ-வை விட்டு விதி அ-வுக்குப் போய், "சாரங்கபாணி" இட்ட பெயர், "கோ." குடும்பப் பெயர் என்று சொல்லும். ஒரே மனிதர், ஒரே வரிசை. எழுத்து மாறியதும் வெட்டு மாறிவிட்டது. உயிர்மெய் எழுத்தைப் பற்றி நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது கணினிக்கும் தேவைப்படுகிற இடம் இது.

இரண்டாம் எடுத்துக்காட்டு: மஇகாவின் தலைவராக 1979 முதல் 2010 வரை இருந்த சாமிவேலு. தமிழில் அவர் பெயர் ஒரே சொல். விதி இ-யின்படி அது புனைபெயர். ரோமன் எழுத்தில் அவர் பெயரைச் சாமி, வேலு என இரண்டு சொல்லாக எழுதுவது வழக்கம். உடனே விதி அ பாய்ந்து, "வேலு" என்ற குடும்பத்தில் பிறந்த "சாமி" என்று சொல்லிவிடும். அப்படி ஒரு குடும்பம் கிடையாது.

மூன்றாம் எடுத்துக்காட்டு: நம் கவிதா ஏ/பி முருகன். மூன்று சொல் என்பதால் ஊகம் எதுவும் இல்லை. பக்கத்தை உருவாக்குபவரே வெட்ட வேண்டும். அவருக்கு முன்னால் இருப்பது ஐந்து அறை. தந்தை பெயருக்கு என்று தனி அறை அதில் இல்லை. பெரும்பாலானவர் என்ன செய்வார்? கடைசிச் சொல்லைத் தூக்கிக் குடும்பப் பெயரில் போடுவார். அதன் பிறகு கவிதாவுக்கு வரும் மடல் "அன்புள்ள திருமதி முருகன்" என்று தொடங்கும். கட்டுரை எழுதினால் துணைநூற் பட்டியலில் "முருகன், க." என்று ஏறும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தைப் பார்க்கும் மனிதருக்கு எந்தத் தவறும் தெரியாது. திரையில் பெயர் சரியாகவே இருக்கும். பிழை இருப்பது சீட்டில். எழுத்துப்பிழையை யாராவது சுட்டிக்காட்டுவார்கள். சீட்டுப் பிழையை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததால் அது ஒரு தரவிலிருந்து இன்னொரு தரவுக்கு நகலாகிக்கொண்டே போகும்.

5. பாதிப் பெயர் குடும்பப் பெயரான கதை

உலகப் புகழ் பெற்ற தமிழர் சிலரின் பெயர்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் சுவையாக இருக்கும்.

சி. வி. ராமன் 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். சி என்பது தந்தை சந்திரசேகர ஐயர். அவருடைய சொந்தப் பெயர் வேங்கடராமன். அது வேங்கட, ராமன் என உடைந்தது. பின்பாதி குடும்பப் பெயர் போல உலகெங்கும் பரவியது. இன்று நாம் படிப்பது "ராமன் விளைவு".

இந்த உடைப்பு நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. துன் வீ. தி. சம்பந்தனின் தந்தை வீராசாமி. சொந்தப் பெயர் திருஞானசம்பந்தன். சிங்கப்பூரில் 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த எஸ். ஆர். நாதனின் தந்தை செல்லப்பன். சொந்தப் பெயர் ராமநாதன். மூவருக்கும் ஒரே கதிதான். ஒரே பெயரின் முன்பாதி முதலெழுத்தாகச் சுருங்கியது; பின்பாதி கடைசியில் நின்று குடும்பப் பெயர் போலத் தோற்றம் தந்தது.

ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். சுப்பிரமணியன் என்பது தந்தை பெயர். சந்திரசேகர்தான் அவர் பெயர். ஸ்ரீனிவாச ராமானுஜனிலும் ஸ்ரீனிவாச என்பது தந்தை பெயர். மேலைநாட்டுத் தரவில் இவர்களின் சொந்தப் பெயர் "குடும்பப் பெயர்" அறையிலும், தந்தை பெயர் "இட்ட பெயர்" அறையிலும் இருக்கின்றன. சீட்டு தவறுதான், ஆனாலும் கடைசிச் சொல்லே சொந்தப் பெயராக இருந்ததால் புகழ் உரியவர் பெயரிலேயே சேர்ந்தது. 1999இல் விண்ணில் ஏவப்பட்ட நாசாவின் சந்திரா தொலைநோக்கி, சந்திரசேகரின் சொந்தப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்துக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான். "முதல் பெயர்" என்று எண்ணி மேலைநாட்டவர் செல்லமாகச் சுருக்கிய "விஷி" என்பது அவருடைய தந்தை பெயரின் சுருக்கம்.

மலேசிய வரிசைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நம் பதிவில் கடைசியில் நிற்பது தந்தை பெயர். "கடைசிச் சொல் குடும்பப் பெயர்" என்று ஊகிக்கும் கணினி, கவிதா எழுதிய கட்டுரையின் பெருமையை முருகன் பெயரில் எழுதிவிடும். முதலெழுத்து முறையில் தப்பிய பெயர், ஏ/எல், ஏ/பி முறையில் மாட்டிக்கொள்கிறது. மலாய் நண்பர்களின் பின், பிந்தி பெயர்களுக்கும் ஐஸ்லாந்து மக்களின் பெயர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஐஸ்லாந்தின் தொலைபேசிப் புத்தகம் சொந்தப் பெயர் வரிசையில்தான் அடுக்கப்பட்டு வந்தது.

6. விதிகள் திருந்திய காலம் (2010 – 2014)

2010இல் பாட்ரிக் மெக்கென்சி என்ற நிரலர், பெயர்களைப் பற்றி நிரலர்கள் கொண்டிருக்கும் 40 தவறான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். அடுத்த ஆண்டு உலகளாவிய வலைச் சங்கத்தில் ரிச்சர்ட் இஷிடா எழுதிய, உலக மக்களின் பெயர் முறைகளைப் பற்றிய வழிகாட்டி வெளிவந்தது. மலாய், ஐஸ்லாந்து, இந்தியப் பெயர்களை எடுத்துக்காட்டி, பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையில் தேவைதானா என்று முதலில் யோசிக்கச் சொன்னது அந்த வழிகாட்டி.

அதே 2011இல் மேலும் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஆகஸ்டு மாதம் வந்த வி-கார்ட் நான்காம் பதிப்பில் முழுப்பெயர் கட்டாயம்; பிரித்த பெயர் விருப்பம். முன்பு இரண்டும் கட்டாயமாக இருந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் கூகள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்பட்டியலைத் தொடங்கின. இன்று தேடுபொறிகள் பெரும்பாலும் படிப்பது இதைத்தான். இதில் ஓர் ஆளுக்கு "நேம்" என்ற முழுப்பெயர்ச் சீட்டு இருக்கிறது. "கிவன்நேம்", "ஃபேமிலிநேம்" இரண்டும் விருப்பம் இருந்தால் மட்டும். சொல்லப்போனா, அவற்றின் விளக்கத்திலேயே அமெரிக்காவில் இது முதற்பெயர், இது கடைசிப் பெயர் என்று நாட்டின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாட்டு வழக்கம் அந்த நாட்டு வழக்கமாகவே சொல்லப்பட்டது ஒரு முன்னேற்றம்தான்.

எச்-கார்டின் அடுத்த தலைமுறையிலும் இரண்டு சொல் விதி கைவிடப்பட்டது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் இன்று குடும்பப் பெயருக்கு ஒரு பண்பும், தந்தைவழிப் பெயருக்குத் தனியே ஒரு பண்பும் உண்டு. அதே ஆண்டு தொடங்கிய ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் பதிவில் இட்ட பெயர் மட்டும் கட்டாயம். குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். பல்கலைக்கழகம் போக இருக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, தரங்கள் திருந்திவிட்டன. ஆனால் பழைய படிவங்களும் பழைய பழக்கமும் இன்னும் இருக்கின்றன. பெட்டி கட்டாயம் இல்லை என்று தெரியாமல் நாமே நிரப்பிவிடுகிறோம்.

7. நம் கையில் இருக்கும் வேலை

பள்ளிப் பக்கம், போட்டி முடிவுகள், மலர்க் கட்டுரை, கருத்தரங்கு நிரல் என்று பெயர்களை வலையில் ஏற்றுபவர்கள் நாம்தான். கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. முழுப்பெயரை அப்படியே "நேம்" சீட்டில் போடுங்கள். ஏ/எல், ஏ/பி, த/பெ என்பவற்றை நீக்காதீர்கள். அவைதான் பெயரின் குறி.

2. பிரித்தே ஆக வேண்டும் என்றால், சொந்தப் பெயரைக் "கிவன்நேம்" சீட்டில் போடுங்கள். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு "ஃபேமிலிநேம்" சீட்டைக் காலியாக விடுங்கள். புள்ளியோ கோடோ போட்டு நிரப்ப வேண்டாம்.

3. வரிசையைப் பார்த்து ஊகிக்காதீர்கள். முதலெழுத்து முறையா, மலேசியப் பதிவு முறையா, உண்மையிலேயே குடும்பப் பெயர் உள்ளவரா என்று உரியவரிடம் கேளுங்கள். "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்ற ஒரு கேள்வி போதும்.

4. தமிழ், ரோமன் இரண்டு வடிவமும் இருந்தால் இரண்டையும் தாருங்கள். 2014இல் வலைச் சங்கத்தின் பரிந்துரையான ஜேசன்-எல்டி முறையில், ஒவ்வொரு வடிவத்துக்கும் மொழிக்குறி சேர்க்கலாம். தமிழுக்கு டி-ஏ என்பது குறி. தமிழ் வடிவத்தை ஓர் உபபெயராகத் தள்ளிவிட வேண்டியதில்லை.

5. ஸ்கீமா.ஆர்க்கில் பெற்றோரைக் குறிக்கும் சீட்டும் உண்டு. மறைந்த அறிஞர்களைப் பற்றிய பக்கத்தில் அது பயன்படும். மாணவர் பக்கத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளையின் பெயர், பெற்றோர், பள்ளி எல்லாம் இயந்திரம் சேகரிக்கும் வடிவில் ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பானதல்ல.

6. வெளியிட்ட பிறகு, ஸ்கீமா.ஆர்க்கின் சரிபார்ப்புக் கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, எந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிழையைக் காண அதுதான் வழி.

முடிவுரை

காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்ற பெயரைப் படித்தவர் யாருக்கும், யார் தந்தை, யார் மகன் என்ற குழப்பம் வந்திருக்காது. பெயரை வைத்தவர்களே அதற்குக் குறியும் வைத்தார்கள். 1988 முதல் 1998 வரை உருவான தரங்கள் அந்தக் குறியைக் கேட்கவில்லை. தங்களிடம் இருந்த பெட்டியைக் காட்டின. அந்தப் பெட்டி இன்று கட்டாயமில்லை என்று தரம் வகுப்பவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அதைக் காலியாக விடும் உரிமை நமக்குக் கிடைத்திருக்கிறது. அது காலியாக இருப்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அடுத்த பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது அந்த உரிமையைப் பயன்படுத்துவோம்.

மாணவர்களுக்கான சிந்தனை வினாக்கள்

1. "மகனார்", "த/பெ", "ஏ/எல்" ஆகிய மூன்றும் பெயரில் ஒரே பணியைச் செய்கின்றன. எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. உன் முழுப்பெயரை எச்-கார்டின் மூன்று விதிகளுக்கும் உட்படுத்திப் பார். எந்த விதி பொருந்துகிறது? கிடைக்கும் விடை சரியா?
3. "கோ" என்பது தமிழ் இலக்கணத்தில் ஓர் எழுத்து. ஒருங்குறியில் இரண்டு குறியெண்கள். இந்த வேறுபாடு பெயர்த் தரவில் ஏற்படுத்தும் விளைவை எழுதுக.
4. தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்வதால் ஏற்படும் இரண்டு சிக்கல்களைக் குறிப்பிடுக.
5. "தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லாதது குறையன்று." இக்கூற்றை 1929ஆம் ஆண்டு நிகழ்வுகளின் துணையுடன் ஆய்க.